செல்லக்கனி அத்தையின் இடது தாடை

சமாரியாபுரத்தில் ஜெபம் பலிக்கத் தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில்தான், அதுவும் யாரும் பெரிதாக எதையும் கேட்டுக்கொண்டிராத நேரத்தில். மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை மாசிலாமணி, மணிக்கூண்டுப் படியில் தவறி விழுந்து வீங்கிப்போன கணுக்காலோடு தூணில் சாய்ந்து நின்றார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம். அந்த ஐயரம்மா அவரைப் பார்த்து, பாவம் மனுஷன் என்று மனதார நினைத்து, ஆண்டவரே அவர் காலைத் தொடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு எழுந்தாள். எழுந்தவள் "அம்மாடி" என்று பக்கத்திலிருந்தவளின் தோளைப் பிடித்தாள். அவளுடைய கணுக்காலில் வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, வலி மட்டும் இருந்தது. தூணருகே மாசிலாமணி காலை ஊன்றிப் பார்த்துவிட்டு, "பாதி போயிட்டு" என்றார்.

இத்தனை தலைமுறையாக ஜெபித்த ஊர், ஒருநாள் அந்த ஜெபம் கேட்கப்பட்டுவிட்டால் அதற்காக வாயைப் பிளப்பது மரியாதையில்லை என்று நினைத்ததோ என்னவோ, யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆனால் எல்லோரும் உஷாரானார்கள்.

அடுத்த வாரத்திலிருந்தே தெருவில் யாரைக் கண்டாலும் "சுகமா இருக்கியளா?" என்று கேட்பதில் புதிதாக ஒரு கவனம் வந்துவிட்டது, பதில் வரும்வரை ஜெப வாக்குறுதி எதுவும் தரப்படவில்லை. வாலிபர் சங்கத்தில் வாலிபால் ஆடுகிற, ஜலதோஷம்கூடப் பிடித்தறியாத பையன்களுக்காக ஊரே உருகி உருகி ஜெபித்தது. மூட்டுவலிக்காரர்களும் மூலக்காரர்களும் கோயிலுக்குள் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் இரண்டு பக்கமும் இடம் காலியானது. ஐயர் வழக்கம்போல் நம்மை ஆளுகிறவர்களுக்காக ஒரு ஞாயிறு மனமிரங்கி ஜெபித்துவிட்டு, யாருடையது என்றே தெரியாத ஒரு நெஞ்செரிச்சலோடு பீடத்தில் ஏப்பம் விட்டபடி நின்றார். அதற்கப்புறம் "உலகமெங்குமுள்ள சகல ஜனங்களுக்காகவும்" என்ற மொத்த ஜெபம்தான் ஊரில் பிரபலம், ஏனென்றால் சகல ஜனங்களையும் நேசிப்பதில் யாருக்கும் எந்த வலியும் வந்ததில்லை.

வலி தண்ணீர் மாதிரி என்று சீக்கிரமே எல்லோருக்கும் பிடிபட்டது. இரண்டு தொட்டிக்கு நடுவே குழாய் போட்டால் மட்டம் பார்த்து ஓடுமே, அப்படித்தான் ஓடியது. ஒருவர் ஜெபித்தால் பாதி, இன்னொருவர் சேர்ந்தால் மூன்றில் ஒன்று. இதற்குப் பங்கு வலி என்று பெயர் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைப்பதற்கு முன்னால், "இது சொந்த வலியா, பங்கு வலியா?" என்று கேட்கப் பழகினாள். ராபின்சன் அண்ணன் பஸ் ஸ்டாப்பில் நின்றபடி, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்த மனைவிக்காக ஒரு நொடி கண்ணை மூடினான். மூடியவன் அங்கேயே டீக்கடைத் தூணைக் கட்டிப்பிடித்து, "எங்கம்மா, எங்கம்மா, இன்னும் எவ்வளவு நேரம்" என்று கதறியதை வேடிக்கை பார்க்க மூன்று தெருப் பெண்கள் சமையலைப் போட்டுவிட்டு வந்தார்கள். மாதர் சங்கம் அன்று சாயங்காலமே கூடி, மாதமாக இருக்கும் பெண்களின் புருஷன்மார் வெள்ளிக் கூட்டத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சபையின் சரித்திரத்தில் எனக்கு மனப்பூர்வமான சம்மதமுள்ள ஒரே தீர்மானம் அது.

சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. ஜெபித்தால் மட்டும் போதாது, அதில் மனசு இருக்க வேண்டும். மருமகளின் இடுப்பு நோவு தீரட்டும், கூடவே அவள் கொஞ்சம் மரியாதையும் கற்றுக்கொள்ளட்டும் என்று கேட்ட மாமியார்களுக்கு ஒரு சுளுக்குக்கூட வரவில்லை. ஓரத்தில் இத்துனூண்டு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தாலும் குழாய் அடைத்துக்கொண்டது. ஆகவே இதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த ஒரு விஷயம், யார் யாரை உண்மையில் நேசிக்கிறார்கள் என்பது, பட்டவர்த்தனமாகிவிட்டது. "நேத்து என் தலைவலிக்கு ஜெபிச்சியளா இல்லையா?" "ஜெபிச்சேன் பிள்ளை." "அப்போ ஏன் குறையல?" என்ற உரையாடல் எத்தனை வீட்டில் நடந்தது என்று சொல்லத் தேவையில்லை; சட்டி உருளுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது.

இந்த நிலவரத்தில்தான் செல்லக்கனி அத்தைக்குத் தாடையில் மின்னல் வெட்டியது.

அத்தை என்றால் எனக்கு மட்டுமல்ல, எங்கள் தெருவுக்கே அத்தை; என் அம்மாவுக்கு மைனி. புருஷன் போய்விட்டார், ஒரே மகன் மஸ்கட்டில். எங்கள் ஊரில் பொம்பளைகள் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து வாய்விட்டு ஜெபிப்பது வழக்கம், அந்த வழக்கத்தை ஆயுதமாகப் பயன்படுத்தத் தெரிந்தவள் செல்லக்கனி அத்தை ஒருத்திதான். மற்றவர்கள் புறணியைக் குழாயடியில் பேசினார்கள். அத்தை அதை ஆண்டவரிடமே நேரடியாக, ராகத்தோடு, ஊர் கேட்கப் பேசினாள். "கர்த்தாவே, மேலத்தெருவில் ஒரு வீட்டில் சிலிண்டர் இருக்க, பக்கத்து வீட்டில் சிலிண்டர் இரவல் கேட்கிற மனுஷியை நீர் அறிவீர்." "கர்த்தாவே, ஐயருடைய பிரசங்கத்தில் தூங்குகிற ஆத்துமாக்களை எழுப்பும், இல்லாவிட்டால் அந்தப் பிரசங்கத்தை எழுப்பும்." அதன் அநியாயம் என்னவென்றால், ஜெபத்துக்கு நடுவே யாரும் குறுக்கே பேச முடியாது. கண்ணை மூடியிருக்க வேண்டும். போதாததற்கு, முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஆமென் சொல்ல வேண்டும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிறேன், ஹாஸ்டலில் இருந்தேன். பேச்சுப் போட்டியில் என் அணியிலிருந்த தாடிக்காரப் பையன் ஒருவனோடு ஜங்ஷன் ஜூஸ் கடையில் உட்கார்ந்து, மறுநாள் தலைப்பில் எந்தப் பக்கம் பேசுவது என்று அடித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்து அம்மாவோடு வெள்ளிக் கூட்டத்தில் முழங்காலில் இருக்கிறேன், அத்தை எழுந்தாள். "கர்த்தாவே, நம்ம சாமுவேல்ராஜ் தம்பி மகள் தெபோராவை நீர் கண்ணோக்கும். ஜூஸ் கடையில் அவளைத் தாடியோடு கண்ட கண்கள் உண்டு ராஜாவே." என்னைப் பற்றிய புறணிக்கு நானே ஆமென் சொன்னேன். மறுவாரம் அப்பா ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இரண்டு பஸ் மாறி, உட்கார இடமில்லாமல், தினமும் போய் வருகிறேன். அம்மா அன்றைக்கு அழுதது போல் அதற்கு முன்னும் அழவில்லை, பின்னும் அழவில்லை. இதையெல்லாம் மன்னிக்கச் சொல்கிறவர்கள் ஒருநாள் அந்த இரண்டாவது பஸ்ஸில் ஏறிப் பார்க்க வேண்டும்.

அந்த அத்தைக்குத்தான் இடது தாடை நரம்பில் ஏதோ கோளாறு. வாயைத் திறந்தால் கரண்ட் அடித்தது. மென்றால் அடித்தது, பேசினால் அடித்தது, காற்று பட்டால்கூட அடித்தது. மாத்திரைகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆபரேஷன் பண்ணலாம் என்றார்கள் மதுரையில், ஆனால் இந்த உடம்புக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாது, சதை ஏறட்டும் என்றார்கள். சதை ஏறச் சாப்பிட வேண்டும், சாப்பிட வாய் திறக்க வேண்டும். டாக்டரம்மா வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள்: இப்படிப் பட்டினி கிடந்தால் மாசி தாண்டாது.

அதாவது ஊரில் யாராவது ஒரே ஒருவர், அவளுக்காக மனசோடு ஒரு தடவை ஜெபித்தால் போதும், பாதி வலி இறங்கும், அவள் கஞ்சி குடிப்பாள். இவ்வளவுதான் தேவை. ஆனால் அவள் வாய் மூடியபிறகு சமாரியாபுரத்தில் வீசிய நிம்மதி இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது? பெண்பிள்ளைகள் பயமில்லாமல் ஜீன்ஸ் போட்டார்கள். தலைக்குச் சாயம் அடிக்கிற ஆசையை அடக்கி வைத்திருந்த மனுஷர்கள் அடித்துக்கொண்டார்கள். ஐயரின் பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. கார்த்திகை முழுக்க ஊர் கல்யாண வீடு போல் இருந்தது, கடைசி வீட்டில் ஒரு பொம்பளை முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு எலும்பாகிக்கொண்டிருந்தாள் என்பதைத் தவிர.

முயற்சி பண்ணவில்லை என்று சொல்ல மாட்டேன். ஐயர் அவள் வீட்டுக்கே போய், முன்னேற்பாடாகத் தன் இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். அவர் கை சும்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம். மாதர் சங்கம் போய், நாவின் பாவத்தையும் நீக்கி நரம்பின் நோவையும் நீக்கும் என்று கேட்டுவிட்டு, வந்த மாதிரியே திடகாத்திரமாகத் திரும்பியது. என் அம்மா ரூபாவதி தினமும் காலையில் இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது வேகும் நேரம் முழங்காலில் நிற்பாள். ஆவி வந்ததும் எழுந்து தாடையைத் தடவிப் பார்ப்பாள்.

"வந்துச்சாம்மா?"

"இல்லட்டி."

"வர வேண்டாம். அவ பண்ணின வேலைக்கு உனக்கு எதுக்கு வரணும்?"

"மனுஷி சாகக் கெடக்கா, நீ நியாயம் பேசுதியா?"

"நியாயம் பேசாம வேற என்ன பேச? ஒருத்தி வாயைத் திறந்தாலே ஊருக்கு நாசம். அவளை எல்லாரும் சும்மா நேசிக்கணும்னா, நல்லவங்களா இருக்கவங்க என்ன கேணையா?"

"அவ ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, தப்புதான் ரூபான்னு சொல்லிட்டாப் போதும், எனக்கு வந்துரும்" என்றாள் அம்மா, இட்லித் துணியை உரித்துக்கொண்டே. சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கேட்டது போல் கை நின்றது. "பாத்தியா? அதான் வர மாட்டேங்குது." அவள் கண் கலங்கியது இட்லி ஆவியால் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அத்தைமேல் இரக்கமெல்லாம் வரவில்லை, சபைமேல் ஆத்திரம்தான் வந்தது. அன்பு அன்பு என்று ஞாயிறுதோறும் ஆர்மோனியம் கிழியப் பாடுகிற ஒரு கோயில், இத்தனை பேர், இத்தனை வருஷம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு பல்வலி அளவுக்கு அன்பை ஒப்பேற்ற முடியவில்லை என்றால் இந்தக் கடையைத் திறந்து வைத்திருப்பதில் என்ன பொருள்? ஆராதனை முடிந்ததும் எழுந்து இதை அப்படியே கேட்டேன். கமிட்டி மெம்பர் கிறிஸ்துதாஸ் சித்தப்பா, "பிள்ளை, பொம்பளை முன்னால வந்து பேச நேரம் இது இல்ல" என்றார். "சித்தப்பா, வலிக்குப் பங்கு உண்டுல்லா? ஆளுக்கு ஒரு துளி. நூத்துக்கணக்கான பேரு ஒரே நேரத்துல ஜெபிச்சா, ஆளுக்கு ஒரு கொசுக்கடிகூடத் தேறாது. கொசுக்கடிக்குமா பயம்?" என்றேன். பொருளாதாரம் படித்ததற்கு ஊரில் கிடைத்த முதல் மரியாதை அது. கொசுக்கடி என்றதும் கூட்டம் கசகசவென்று கலந்து பேசி, அடுத்த ஞாயிறு என்று முடிவெடுத்தது.

அடுத்த ஞாயிறு அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சேலை அவள்மேல் கொடியில் காய்வது போல் தொங்கியது. ஐயர் சைகை காட்ட, சபை முழுக்க ஒரே மூச்சில் கண்ணை மூடி, செல்லக்கனி செல்லக்கனி என்று ஜெபித்தது. நான் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், என் யோசனை வேலை செய்வதை நான் பார்க்காமல் யார் பார்ப்பது? ஆமென் சொன்னார்கள். எல்லோரும் தாடையைத் தடவினார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எனக்கு லேசாச் சுருக்குங்குது" என்றார் கிறிஸ்துதாஸ் சித்தப்பா.

"எந்தப் பக்கம்?" என்றேன்.

அவர் வலது கன்னத்தைத் தொட்டார்.

சிலர் சிரித்துவிட்டார்கள். முன்பெஞ்சில் அத்தை சிரிக்கவில்லை. ஒரு ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து, கண்ணை மூடி, தேடிப் பார்த்து, உன்மேல் எங்களிடம் ஒரு துளிகூட இல்லை என்று அவள் முகத்துக்கு நேரே காட்டிவிட்டது. அதற்கு ஏற்பாடு பண்ணியவள் நான். அவள் பெஞ்சைப் பிடித்து எழுந்தாள், துண்டை இறுக்கிக் கட்டினாள், யார் கையையும் பிடிக்காமல் பெஞ்சுகளின் நடுவழியாக மணல் தெருவரைக்கும் தானாக நடந்து போனாள். யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் என்ன சொல்வது?

நான் பின்னாலேயே போனேன். ஆறுதல் சொல்லப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏன் அப்படி எழுந்து வந்தாய், உட்கார்ந்திருந்தால் இன்னொரு தடவை முயன்றிருக்கலாம் என்று சண்டை பிடிக்கத்தான் போனேன். அத்தை அடுக்களையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தம்ளரில் கஞ்சி, அதில் ஜூஸ் கடை ஸ்ட்ரா. ஸ்ட்ராவை உதட்டோரத்தில் வைப்பாள், உறிஞ்சப் போவாள், தாடை வெட்டும், கண் இறுகும், கஞ்சி தம்ளருக்கே திரும்பும். மறுபடி வைப்பாள். என்னைப் பார்த்தாள். பார்த்ததும் முதல் வேலையாக, கையைத் தூக்கி, தன் தோளைத் தொட்டுக் காட்டி, எங்கே துப்பட்டா என்று சைகையால் கேட்டாள்.

சாகப்போகிற நேரத்தில் துப்பட்டா!

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அங்கேயே, அரிசிப் பானைக்கும் அம்மிக்கும் நடுவில், முழங்காலில் விழுந்தேன். அத்தை திடுக்கிட்டு உடனே கண்ணை மூடினாள், பழக்கதோஷம். ஜெபம் என்று ஆரம்பித்துவிட்டால் குறுக்கே பேசவும் முடியாது. அந்தச் சட்டத்தை அவள்மேலேயே ஏவினேன், அவள் ராகத்திலேயே.

"கர்த்தாவே, இந்தப் பொம்பளையை நல்லாப் பாரும். இவ வாய்க்கு ஊர்ல தப்பிச்ச ஆளு உண்டா? என் ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ண வச்சவ. எங்கம்மையை அழ வச்சவ. நான் மன்னிக்கல, மன்னிக்கிற உத்தேசமும் இப்போதைக்கு இல்ல, அதை உம்மகிட்ட மறைச்சு என்ன பிரயோஜனம்? இப்போகூட என் துப்பட்டாவைத் தேடுதா. ஒத்தையில கஞ்சி வச்சு, ஒத்தையில ஆத்தி, ஒத்தையில துப்பிக்கிட்டு இருக்கா, ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல, அந்த மஸ்கட்காரன் போன்ல ஹலோம்பான், இவளால பதிலுக்கு ஹலோ சொல்ல முடியாது. இவளைத் திருத்தும்னு நான் கேக்கல. திருந்தினா அது இவளா? மன்னிப்பும் கேக்க வேண்டாம், கேட்டா எனக்குத்தான் கூச்சமா இருக்கும். எனக்கு ஒண்ணும் வேண்டாம். இந்தக் கஞ்சி ஆறுது கர்த்தாவே, ஆறினா குடிக்க நல்லா இருக்காது. இதை இவ குடிக்கணும். குடிச்சுட்டுத் தெம்பா எந்திரிச்சு வந்து என்னை என்ன சொன்னாலும் சொல்லட்டும், இவ..."

அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை. இடது தாடையில், காதுக்குக் கீழே தொடங்கி உதட்டு ஓரம்வரை, உயிருள்ள கரண்ட் கம்பியை ஒருவர் பற்களுக்கு நடுவே இழுத்தது போல் இருந்தது. நான் அம்மிமேல் சாய்ந்தேன். வாதாட வாயில்லை. கண்ணீர் வழிந்த கண்ணை ஒருக்களித்துப் பார்த்தேன்: அத்தை ஸ்ட்ராவைத் தூக்கிப் போட்டுவிட்டு, தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே, மடக் மடக்கென்று அடிவரை குடித்தாள். தம்ளரை வைத்தாள். தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். எத்தனையோ வாரத்துக்கப்புறம் அவள் வாயிலிருந்து முதல் வாக்கியம் வந்தது.

"ஏட்டி, ஆமென் சொல்லாம விட்டா அது ஜெபமா?"

கன்னத்தைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் அம்மா. என் முகத்தைப் பார்த்ததும் அவள் முழங்கால் போடவில்லை, கண்ணை மூடவில்லை, "ஐயோ என் பிள்ளை" என்று மட்டும்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கை இடது கன்னத்துக்குப் போய்விட்டது, எனக்கு மூச்சு விட முடிந்தது. அம்மா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, இது... மைனியோடதுல்லா?"

"ஆமா."

"அத்தனை நாள் முழங்கால் தேய நின்னேன், வரல." தாடையைத் தடவிக்கொண்டே அம்மா பல்லைக் கடித்தாள். "இப்போ பாரு, கூப்பிடாம என் வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கிட்டா!"

உப்பள ஆபீஸிலிருந்து வந்த அப்பா, அம்மா கன்னத்தில் கையோடு உட்கார்ந்திருந்ததைக் கண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், ஆண்டவரே என்றார், அவருக்கும் வந்தது. இதில் அம்மா கொஞ்சம் பூரித்துப் போனாள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்காக அவர் தம்பி, அம்மாவுக்காக ஐயரம்மா, ஐயரம்மாவுக்காக ஐயர், எனக்காக என் சிநேகிதி, அவளுக்காக அவள் அப்பாவான அதே கிறிஸ்துதாஸ் சித்தப்பா என்று ஒவ்வொருவராக ஜெபித்தார்கள், யாரும் செல்லக்கனி அத்தையின் பெயரைச் சொல்லவேயில்லை. எல்லோரும் தங்களுக்குப் பிரியமானவர்களுக்காகத்தான் உருகினார்கள், வலி அந்தப் பிரியங்களின் வழியே வீடு வீடாக மட்டம் பார்த்து ஓடியது. ஒரு வாரத்தில் தெருவில் எல்லோர் இடது தாடையிலும் மெல்லிய ஒரு சுருக்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. இந்த அத்தையை எப்படி இறக்கிவிடுவது? யோசித்துப் பார்த்ததில் வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அம்மா அத்தையை உதற வேண்டுமானால் என்னை உதற வேண்டும். அப்பா உதற வேண்டுமானால் அம்மாவை. சித்தப்பா உதற வேண்டுமானால், பத்துமாதம் சுமந்தவள் பக்கத்தில் நிற்க, பெற்ற மகளை. "முடியுமா சித்தப்பா?" என்றேன். அவர் இந்தத் தடவை சரியான கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கோயிலில் நான் ஜெயித்த ஒரே வாதம் அது. உண்மையில் அதை நான் ஜெயிக்கவுமில்லை.

அத்தைக்கு மிஞ்சியது எங்கள் எல்லோருக்கும் இருந்த அதே துளிதான். சோறு இறங்கியது, குழம்பு இறங்கியது, சதை பிடித்தது, மதுரையில் சித்திரைக்குத் தேதி கொடுத்தார்கள். நாக்கும் திரும்பியது, முழுசாக. தை மாதம் முதல் வெள்ளிக் கூட்டத்தில் எழுந்தாள். "கர்த்தாவே, நான் படுத்திருந்த நாளில் தலைக்குச் சாயம் பூசின கிழவர்களை நீர் அறிவீர். அடுக்களைக்குள் செருப்போடு வந்து ஜெபித்த தெபோராவையும், அவளோடு இன்னும் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற அந்தத் தாடியையும் நீர் அறிவீர் ராஜாவே." நான் ஆமென் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

உபவாசம் முடிந்ததும் மாசிலாமணியின் மனைவி ஒரு தாம்பாளம் நிறைய அவித்த பனங்கிழங்கு கொண்டுவந்து நடுவில் வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் அத்தையையே பார்த்தார்கள். பனங்கிழங்கு கஞ்சியல்ல, நல்ல தாடைக்காரர்களே மென்று களைத்துப்போகிற சாமான். அத்தை இருப்பதிலேயே தடித்ததாகப் பார்த்து எடுத்தாள், தோலை உரித்தாள், நடுத்தண்டை உருவிப் போட்டாள், நாரைக் கிழித்தாள், இடது பக்கக் கடைவாயில் வைத்துக் கடித்தாள்.

கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் சுளித்தது.

அத்தை மெல்லுவதை நிறுத்தினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், ஐயரம்மா, மாதர் சங்கம், வாசலில் சித்தப்பா, நான், கடைசியில் என் அம்மா. எல்லோர் கையும் இடது கன்னத்தில் இருந்தது. அவள் கண் என்னமோ போல் ஆனது. வாயிலிருந்த கிழங்கை மெதுவாக வலது பக்கம் ஒதுக்கினாள்.

"உங்களுக்கெல்லாம் வலிக்குதுல்லா?" என்றாள்.

"வலிக்கத்தான் செய்யுது மைனி" என்றாள் அம்மா. "நீங்க தின்னுங்க."

அத்தை கிழங்கை மறுபடி இடது பக்கமே தள்ளி, நிதானமாக, நன்றாகச் சவைத்து, நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு கடிக்கும் தோளைக் குறுக்கிக்கொண்டு பார்த்திருக்க, விழுங்கினாள்.

"அரை வேக்காடு" என்றாள், அடுத்ததற்குக் கையை நீட்டிக்கொண்டே.